கறிதோசையோடு நாலு ஒயின்: ருசி பார்க்கப் பழகுவது எப்படி?

மதுரைப் பக்கம் ஒயின் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இனிப்பான போர்ட் ஒயின்தான். கோவா போய் வந்தவர் பையில் ஒரு பாட்டில் இருக்கும். கிறிஸ்துமஸ் கேக்கோடு சின்ன கிளாஸில் கொஞ்சம் கிடைக்கும். அந்த இனிப்பையே எதிர்பார்த்து ஒரு நல்ல சிவப்பு ஒயினை வாயில் வைத்தால் முகம் சுளிக்கத்தான் செய்யும். "என்ன மாப்ள, காடி மாதிரி இருக்கு?" என்று கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, ஒயின் நமக்கு ஒத்துவராது என்று அன்றோடு முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஒரே வகையைத் தனியாகக் குடித்துக்கொண்டிருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று பிடிபட ரொம்ப நாளாகும். நாலு வகையை அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு வாய் மட்டும் குடித்துப் பார்த்தால் ஒரே ராத்திரியில் விஷயம் புரிய ஆரம்பித்துவிடும். இதில் புளிப்பு கூடுதல், அதில் துவர்ப்பு கூடுதல், இன்னொன்று தொண்டையில் காட்டமாக இறங்குகிறது என்று நாக்கே பிரித்துச் சொல்லும். ஒயின் டேஸ்டிங் என்று பெரிதாகப் பேசப்படுவதன் அடிப்படை இந்த ஒப்பிடுதல்தான்.

இதற்கு நண்பர்கள் கூட வேண்டும்; அதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு பாட்டிலில் 750 மில்லி இருக்கும். திறந்தால் சில நாளில் தீர்த்தாக வேண்டும். தனி ஆளாக நாலு பாட்டில் திறக்க முடியாது, திறக்கவும் கூடாது. ஆறு பேர் சேர்ந்தால் செலவும் பங்காகும், அளவும் கட்டுக்குள் இருக்கும். அதோடு ஒருவர் மூக்குக்குத் தட்டுப்படுவது இன்னொருவருக்குத் தட்டுப்படாது. "கொய்யாப்பழ வாசனை வருதுல்ல?" என்று ஒருவர் கேட்ட பிறகுதான் மற்ற ஐந்து பேரும் அதைக் கண்டுகொள்வார்கள்.

பாட்டிலைத் திறக்கும் முன்னால் ஒரு சின்னப் பயிற்சி. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பன்னீர் திராட்சை மதுரையில் தள்ளுவண்டியிலேயே கிடைக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது; உலகம் அதை மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கிறது. ஒரு கொத்து வாங்கி வந்து ஆளுக்கு நாலு பழம் கொடுங்கள். முதல் பழத்தைப் பிதுக்கி உள்சதையை மட்டும் வாயில் போடுங்கள். சதை வெளிறிய பச்சையாக, கண்ணாடி போல இருக்கும். தோலின் கறுப்பு அதில் துளியும் இருக்காது. முதலில் இனிப்பு, பின்னாலேயே புளிப்பு. அடுத்து, பிதுக்கி எறிந்த தோலை மட்டும் எடுத்து நன்றாக மெல்லுங்கள். ஈறு இறுகும், நாக்கு சொரசொரக்கும். நாவல்பழம் தின்ற பிறகு வருகிற அதே துவர்ப்பு. கடைசியாக விதையைக் கடியுங்கள். கசப்பு.

ஒயின் வகைகள் எப்படிப் பிரிகின்றன என்பது இந்த ஒரு பழத்திலேயே இருக்கிறது. திராட்சையைப் பிழிந்து தோலை நீக்கிவிட்டுச் சாறை மட்டும் நொதிக்க விட்டால் வெள்ளை ஒயின். கறுப்புத் திராட்சையைத் தோலும் விதையுமாகச் சேர்த்து நாள்கணக்கில் ஊறி நொதிக்க விட்டால் நிறமும் துவர்ப்பும் சாறில் இறங்கிச் சிவப்பு ஒயின் ஆகும். தோலோடு சில மணி நேரம் மட்டும் வைத்துவிட்டுப் பிரித்தால் இளஞ்சிவப்பு ரோஸே. கறுப்புத் திராட்சையிலிருந்தும் வெள்ளை ஒயின் எடுக்கலாம். பிரான்சின் ஷாம்பெய்னில் பெரும்பகுதி அப்படி வருவதுதான்.

நொதிக்க வைப்பது ஈஸ்ட். அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை தீர்ந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் வரும். ஒயினில் 13 சதவீதம் என்று போட்டிருந்தால், அந்தச் சாறில் லிட்டருக்கு 220 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருந்திருக்கிறது என்று அர்த்தம். அத்தனையையும் ஈஸ்ட் தின்று தீர்த்துவிட்டால் ஒயினில் இனிப்பே மிஞ்சாது. அதைத்தான் டிரை என்கிறார்கள். போர்ச்சுகலின் போர்ட் ஒயினில் பாதி நொதிப்பிலேயே பிராந்தி வகைச் சாராயம் சேர்த்து ஈஸ்ட்டை நிறுத்திவிடுவார்கள். மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும், ஆல்கஹாலும் 20 சதவீதத்தை ஒட்டி ஏறிவிடும். போர்ட் குடித்துப் பழகிய நாக்கு டிரை ஒயினைக் கண்டு மிரள்வதற்கு இதுதான் காரணம்.

சரி, வாயில் வைத்ததும் எதைக் கவனிப்பது? முதல் நாளில் நாலு விஷயம் போதும். இனிப்பு இருக்கிறதா, இல்லையா. புளிப்பு எவ்வளவு: விழுங்கிய பிறகு வாயை மூடிக்கொண்டு சற்றுப் பொறுங்கள், கன்னத்தின் உள்பக்கம் எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறதோ அவ்வளவு புளிப்பு. துவர்ப்பு எவ்வளவு: நாக்கை மேல் ஈறில் தேய்த்துப் பாருங்கள். டானின் என்ற பொருள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துத் திரளச் செய்துவிடுவதால் வழுவழுப்பு போய்ச் சொரசொரப்பு வருகிறது. கடைசியாகக் காட்டம்: தொண்டையில் எவ்வளவு சூடு இறங்குகிறதோ, அது ஆல்கஹால்.

இதெல்லாம் நாக்கின் வேலை. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்குடையது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடித்துவிட்டு, விழுங்கும் முன் கையை எடுங்கள். அதுவரை வெறும் புளித்தண்ணீராக இருந்தது, தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணத்தால் சட்டென்று ஒயினாகிவிடும். கிளாஸை மெதுவாகச் சுழற்றுவதும் இதற்காகத்தான். பரப்பு கூடினால் மணம் கூடுதலாக மேலே வரும். அதற்கு இடம் வேண்டும் என்பதால் கிளாஸில் கால்பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடி கிளாஸ் நல்லது. எல்லா ஒயினுக்கும் ஒரே மாதிரி கிளாஸ் வையுங்கள், இல்லாவிட்டால் ஒப்பீடு சரியாக வராது.

ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் பிளாக்கரன்ட், கூஸ்பெரி என்று நாம் பார்த்தே இராத பழங்களாகப் பட்டியல் போடுவார்கள். அதைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. சாவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினில் குடைமிளகாய் வாசனை வந்தால், அது உங்கள் கற்பனை இல்லை. குடைமிளகாயில் உள்ள அதே வகைச் சேர்மங்கள் அந்தத் திராட்சையிலும் இருக்கின்றன. ஷிராஸ் ஒயினில் மிளகு மணம் வருவதற்குக் காரணமான ரொட்டண்டோன்தான் நம் அஞ்சறைப்பெட்டி மிளகின் மணத்துக்கும் காரணம். மஸ்கட் வகைத் திராட்சையின் பூ மணத்தில் பெரும்பங்கு லினலூலுக்கு. கொத்தமல்லி விதையிலும் மல்லிகையிலும் அது உண்டு. ஆகவே கொய்யா, நாவல், பலாச்சுளை, ஊறவைத்த புளி, மழை பெய்த மண் என்று உங்களுக்குத் தெரிந்த வாசனையையே சொல்லுங்கள். யாரும் தப்பு என்று சொல்ல முடியாது.

மல்லிகை என்றதும் ஒரு எச்சரிக்கை. மதுரையில் சாயங்கால விருந்து என்றால் தலையில் பூ இருக்கும், சாமி படத்தில் சரம் தொங்கும், ஊதுவத்தி புகையும். மதுரை மல்லியின் மணத்துக்கு முன்னால் எந்த ஒயினும் எடுபடாது. ருசி பார்க்கும் அந்த முக்கால் மணி நேரம் மட்டும் பூவை ஃபிரிட்ஜில் வையுங்கள், சென்ட் போடாமல் வரச் சொல்லுங்கள், அடுப்படியில் தாளிப்பதை முன்பே முடித்துவிடுங்கள். மொட்டை மாடியில் உட்கார்வதானால் காற்று பலமாக அடிக்காத மூலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நாலு? என் யோசனை: வெள்ளையில் இரண்டு, சிவப்பில் இரண்டு. வெள்ளையில் சாவிஞான் பிளாங்க் ஒன்று, அது டிரையாக, புளிப்பு தூக்கலாக இருக்கும். இன்னொன்று லேசான இனிப்பு உள்ள செனின் பிளாங்க். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்தால் இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று எப்படிச் சமன் செய்கின்றன என்பது தெரிந்துவிடும். சிவப்பில் ஷிராஸும் கேபர்னே சாவிஞானும். முன்னதில் பழமும் மிளகும் முந்தி வரும், பின்னதில் துவர்ப்பு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நாலு பெயரும் திராட்சை வகைகளின் பெயர்கள்தான்; நாலும் இந்தியாவிலேயே விளைகின்றன. மகாராஷ்டிரத்தின் நாசிக் பக்கமும் பெங்களூரு அருகே நந்தி மலைப் பக்கமும்தான் முக்கிய இடங்கள். ஐரோப்பாவில் திராட்சை அறுவடை இலையுதிர் காலத்தில் நடக்கும். நம் நாட்டில் மழையும் கடும் வெயிலும் இல்லாத ஜனவரி முதல் மார்ச் வரை பெரும்பாலும் நடக்கிறது.

தமிழ்நாட்டில் ஒயின் வாங்க டாஸ்மாக்தான். எலைட் கடைகளில் வகை ஓரளவு கூடுதலாக இருக்கும். பழைய ஒயின்தான் உசத்தி என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நாம் வாங்கும் விலையில் உள்ளவை, அதிலும் வெள்ளை ஒயின்கள், புதிதாக இருக்கும்போதே குடிக்க வேண்டியவை. தயாரித்த ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். ஷெல்ஃபில் வெயில் படும் இடத்தில் நிற்கும் பாட்டிலும், கார்க் மேலே தள்ளியிருக்கும் பாட்டிலும் சூட்டில் கெட்டிருக்க வாய்ப்பு உண்டு. திருகு மூடி போட்டிருந்தால் மட்டம் என்று நினைக்காதீர்கள். கார்க்கினால் வரும் ஈரமான அட்டைப்பெட்டி நாற்றம் திருகு மூடியில் ஏறக்குறைய வராது. என்னைக் கேட்டால் நம் வெயிலுக்கு அதுதான் நம்பிக்கை.

வெயில் என்பது இந்த ஊரில் சாதாரண விஷயமில்லை. சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. அந்த அறை ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை. 16 முதல் 18 டிகிரி. சித்திரை மாதம் மதுரையில் ராத்திரி எட்டு மணிக்கு மாடியில் 30 டிகிரிக்கு மேல் இருக்கும். அந்தச் சூட்டில் சிவப்பு ஒயினை ஊற்றினால் ஆல்கஹால் ஆவி மூக்கில் குத்தும், பழ மணம் எல்லாம் அதன் பின்னால் மறைந்துவிடும். "சிவப்பு எனக்குப் பிடிக்கலை" என்பவர்களில் பாதிப் பேருக்குப் பிடிக்காதது அந்தச் சூடுதான் என்பது என் கருத்து. சிவப்பு பாட்டில்களை முக்கால் மணி நேரம் முன்னதாக ஃபிரிட்ஜில் வையுங்கள். வெள்ளையை மூன்று மணி நேரம் வைத்து, ஊற்றும் முன் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். ரொம்பக் குளிர்ந்திருந்தாலும் மணம் எழாது. மேசையில் ஒரு வாளியில் ஐஸும் தண்ணீரும் கலந்து பாட்டிலை அதில் நிறுத்திக்கொள்ளலாம். வெறும் ஐஸைவிடத் தண்ணீர் கலந்த ஐஸ் பாட்டிலை முழுக்கச் சுற்றிக்கொள்வதால் சீக்கிரம் குளிர வைக்கும். கிளாஸுக்குள் ஐஸ் கட்டி போட வேண்டாம், ஒயின் நீர்த்துப்போகும்.

இந்த ஊருக்கு ஒயின் பழைய சங்கதியும்கூட. யவனர் (கிரேக்க, ரோமானியர்) கப்பலில் கொண்டுவந்த தேறல் என்ற மதுவைப் பொற்கிண்ணத்தில் குடித்து மகிழ்ந்திரு என்று நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் பாட்டு புறநானூற்றில் 56ஆவது. அந்தத் தேறல் குளிர்ந்து மணப்பது என்றும் சொல்கிறார். வைகைக் கழிமுகத்தில் இருக்கும் அழகன்குளத்தில் ரோமானிய ஒயின் ஜாடிகளின் ஓடுகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன.

அன்றைய ராத்திரிக்கு வருவோம். முதலில் ருசி, பிறகு சாப்பாடு. நாலு பாட்டிலையும் செய்தித்தாளில் சுற்றி ஒன்று முதல் நாலு வரை எண் போட்டுவிடுங்கள். விலையும் பெயரும் தெரிந்தால் நாக்கு பாட்டிலைப் பார்த்துத்தான் பேசும். 2001இல் வெளிவந்த ஒரு ஆய்வில், பிரான்சின் போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் சிவப்பு நிறம் மட்டும் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே வர்ணித்தார்கள். படிப்பவர்களுக்கே அப்படி என்றால் நாமெல்லாம் லேபிளை மறைத்துவிடுவதுதான் நல்லது.

ஆளுக்கு 50 மில்லி. ஆறு பேருக்கு ஊற்றினால் ஒரு பாட்டிலில் 300 போகும், மிச்சம் சாப்பாட்டுக்கு. முதலில் சாவிஞான் பிளாங்க், அடுத்து செனின், ஷிராஸ், கடைசியில் கேபர்னே. லேசானதிலிருந்து கனமானதற்குப் போகும் வரிசை இது; மாற்றினால் கேபர்னேயின் துவர்ப்புக்குப் பிறகு வெள்ளை ஒயின் தண்ணீராகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் நடுவே தண்ணீரும் ஒரு பிடி உப்பில்லாத பொரியும். ஊற்றியதும் இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் தோன்றியதை எழுதட்டும். இதை விடாமல் செய்யுங்கள். முதலில் வாய் திறப்பவர் சொன்னதையே மற்றவர்களும் உணர ஆரம்பித்துவிடுவார்கள், அதிலும் கூட்டத்தில் ஒரு அண்ணன் இருந்தால் கேட்கவே வேண்டாம். விழுங்க விருப்பமில்லாதவர் துப்ப ஒரு படிக்கமோ பழைய சொம்போ வையுங்கள். தொழிலாக ருசி பார்ப்பவர்கள் பெரும்பாலும் துப்பத்தான் செய்கிறார்கள். குடிக்காத நண்பர் வந்திருந்தால் அவரும் முகர்ந்து பார்த்து எழுதலாம். பல சமயம் அவர் மூக்குதான் கூர்மையாக இருக்கும்.

சீட்டுகளைப் படித்து, பேப்பரைப் பிரித்துப் பார்த்த பிறகு சாப்பாட்டுப் பார்சலைத் திறக்கலாம். எனக்கு இதில் பிடித்த கட்டமே இதுதான், ஏனென்றால் மதுரைச் சாப்பாடு பக்கத்தில் வந்ததும் ஒவ்வொரு ஒயினும் வேறாகிவிடும்.

முதலில் கோலா உருண்டை. மொறுமொறுப்பும் எண்ணெயும் உப்பும் உள்ள எதற்கும் புளிப்பான ஒயின் நன்றாக ஈடுகொடுக்கும். சாவிஞான் பிளாங்க் வாயைக் கழுவி அடுத்த உருண்டைக்குத் தயார் செய்துவிடும். வாழைப்பூ வடைக்கும் இதே கணக்குதான். அடுத்து காரசாரமான மட்டன் சுக்காவில் ஒரு துண்டை மென்றுவிட்டுக் கேபர்னேயைக் குடித்துப் பாருங்கள். வாய் எரியும். மிளகாயின் காரம் நாக்கில் தொடும் அதே வெப்ப உணர்வானை ஆல்கஹாலும் தூண்டுகிறது. சாதாரணமாக 42 டிகிரியை ஒட்டி விழித்துக்கொள்ளும் அந்த உணர்வான், ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்ளும். வாயின் இயல்பான சூடே அப்போது சுடுவதாகப் படும். துவர்ப்பு அதன் மேல் இன்னும் உறைக்கும். இப்போது அதே சுக்காவோடு குளிர்ந்த செனினைக் குடியுங்கள். லேசான இனிப்பும் குளிர்ச்சியும் எரிச்சலை அடக்கிக் கறியின் ருசியை முன்னே கொண்டுவரும். மதுரைக் காரத்துக்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமான வகை இல்லை.

அப்படியென்றால் சிவப்பு ஒயினுக்கு இங்கே இடமே இல்லையா? உண்டு. வரமிளகாயைக் குறைத்து மிளகில் வறுத்த ஈரல், நெய் மணக்கும் மிளகுக் கறி, இவற்றோடு ஷிராஸ் அருமையாகப் போகும்; ஒயினின் மிளகும் கறியின் மிளகும் கூடிக்கொள்ளும். கறிதோசை நடுவில் நிற்கிறது. அதில் முட்டையும் கொத்துக்கறியும் கொழுப்பும் இருப்பதால் டானின் எச்சிலை விட்டுவிட்டு அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், கேபர்னேயும் மென்மையாகத் தெரியும். சால்னாவை மட்டும் ஊற்றாதீர்கள். கொஞ்ச நேரத்துக்கு முன் எல்லோரும் ஓரங்கட்டிய கேபர்னே பாட்டில் கறிதோசையோடு காலியாவதை நீங்களே பார்ப்பீர்கள்.

அயிரை மீன் குழம்பு இருந்தால் சிவப்பைத் தொடவே வேண்டாம். சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீனின் கொழுப்போடு சேர்ந்து ஒரு கவிச்சி வாடையைக் கிளப்பிவிடும். குழம்பின் புளிக்கு ஈடுகொடுக்கும் புளிப்பு ஒயினிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சப்பென்று ஆகிவிடும். மறுபடி சாவிஞான் பிளாங்க்தான். இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. எலுமிச்சைத் துண்டில் உப்புத் தொட்டுக் கடித்துவிட்டு எந்த ஒயினையும் குடித்துப் பாருங்கள், முன்பைவிடப் புளிப்பும் துவர்ப்பும் குறைந்ததாகத் தோன்றும். இனிப்பு இதற்கு நேர்மாறு: ஜிகர்தண்டா குடித்த வாயில் டிரை ஒயின் வெறும் புளிப்பும் கசப்புமாகிவிடும். ஜிகர்தண்டாவை எல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அளவைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்கள் மது வாங்கக் கூடாது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், குடியை விட்டு மீண்டு வந்தவர்கள், இவர்களில் யாரையும் ஒரு வாய்தானே என்று வற்புறுத்தாதீர்கள். எந்த அளவு ஆல்கஹாலும் உடம்புக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என 2023இல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே அறிவித்தது. நாலு 50 மில்லி சேர்ந்தால் 200 மில்லி. 13 சதவீத ஒயினில் அது சுமார் 20 கிராம் ஆல்கஹால். வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். ருசி பார்த்த அளவே, விழுங்கினால், அதைத் தாண்டிவிடக் கூடும். தாண்டினால் முதல் முறையே பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வரச் சொல்லுங்கள், அல்லது பாய் விரித்து மாடியிலேயே படுக்க வையுங்கள்.

மிச்சமான ஒயினை, சிவப்பானாலும் சரி, மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும். அதற்குள் ஒரு சாயங்காலம் கொஞ்சம் ஊற்றி, உங்கள் சீட்டில் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காற்றுப் பட்டதில் துவர்ப்பு தணிந்திருக்கும், பழ மணம் குறைந்திருக்கும். அடுத்த கூட்டத்துக்குத் திராட்சையை மாற்றாமல் ஊரை மட்டும் மாற்றுங்கள்: நாசிக் ஷிராஸ் ஒன்று, நந்தி மலை ஷிராஸ் ஒன்று, கிடைத்தால் ஆஸ்திரேலிய ஷிராஸ் ஒன்று. பேப்பர் சுற்ற மறக்காதீர்கள்.